நம் அக்கன் குடுத்தனவும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய மொய் நோட்டு இருக்கிறது. அம்மாவின் கல்யாணத்துக்கு எழுதியது. மஞ்சள் தடவிய முதல் பக்கம், மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே தாத்தாவின் கையெழுத்தில் வரிசையாகப் பெயர்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்ற கணக்கு மட்டும்தான், ஆனாலும் படித்துக்கொண்டே போனால் மொத்தக் குடும்பமும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடும். சிலருக்கு ஊரோடு சேர்த்து முழுப் பெயர், சிலருக்கு வெறும் இனிஷியல், ஒரே ஒருவருக்கு மட்டும் பெயரே இல்லாமல் "அக்கா" என்று இருக்கும். எந்த அக்கா என்று யாரும் தாத்தாவைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்கு ஒரே அக்காதான்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளை முதன்முதலாக அச்சில் படித்த அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது அந்த நோட்டுதான். ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-ஐ ஒட்டி, தஞ்சாவூர் அரண்மனையில் இருமுடிச்சோழன் என்ற கட்டடத்துக்குக் கிழக்கே இருந்த திருமஞ்சனசாலையில், அதாவது குளிக்கும் மண்டபத்தில், தானம் செய்துகொண்டிருக்கிறான். அங்கே இருந்தபடியே ஓர் உத்தரவு போடுகிறான்: "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக."

கொடுத்தன என்றுகூட இல்லை பாருங்கள், குடுத்தன. இன்றைக்கும் நாம் வாயால் சொல்வது அப்படித்தான். முதலில் தான், அடுத்தது அக்கா, அதற்கப்புறம்தான் மனைவிமார், பிறகு மற்றவர்கள். ஈழம் வரைக்கும் படை நடத்திய ஒரு மன்னன், தான் கட்டிய கோயிலின் கல்லில் தன் குடும்பத்தை எந்த வரிசையில் நினைத்தான் என்பது இந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது. அக்காவின் பெயரைக்கூட அவன் அந்த இடத்தில் சொல்லவில்லை. நம் அக்கன், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டு நின்ற அதிகாரிகளுக்கு எந்த அக்கன் என்று தெரியும்.

அந்த வரியைப் படித்த நாளிலிருந்து சோழர் கல்வெட்டுகளை நான் படிக்கும் விதம் மாறிப்போனது. அதுவரை எல்லோரையும் போல, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியைத்தான் தேடிப் படிப்பேன். "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று ஆரம்பித்து, காந்தளூர்ச் சாலை கலமறுத்தது, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி என்று ஜெயித்த நாடுகள் வரிசையாக வரும். கம்பீரமான தமிழ், சத்தம் போட்டுப் படித்தால் உடம்பு சிலிர்க்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஊர் ஊராக அதே வாசகமாக வெட்டப்பட்டது. மன்னனின் வீடு அதில் கிடையாது. வீடு எங்கே இருக்கிறது என்றால், மெய்க்கீர்த்தி முடிந்த பிறகு, பலர் பக்கத்தைப் புரட்டிவிடும் இடத்தில், இன்னாருக்காக இன்னார் இத்தனை ஆடு, இத்தனை கழஞ்சு பொன் என்று வருகிற அந்தச் சலிப்பான பகுதியில் இருக்கிறது. நம் ராஜா ராணிகளின் வாழ்க்கை நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் அந்த மொய் நோட்டில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டைரி எழுதி வைத்த அரசி யாரும் நமக்கு இல்லை, கடிதங்களும் கிடைக்கவில்லை. கொடுத்ததும், யார் பேரில் கொடுத்தார்கள் என்பதும் மட்டும் கல்லில் நின்றுவிட்டது.

அந்த நோட்டும் சாதாரண நோட்டு இல்லை. ஒரு நகையைக் கொடுத்தால் அதில் எத்தனை முத்து, ஒவ்வொன்றும் என்ன ஜாதி என்று பிரித்து எழுதுகிறார்கள். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர்... முத்தில் குளிர்ந்த நீர் என்று ஒரு வகை உண்டு என்பது கல்வெட்டைப் படிக்காமல் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பொன்னை ஆடவல்லான் என்ற பெயருடைய எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரைக்கும் கணக்கு. ஒரு குன்றிமணி எடைக்குக்கூட அரசனுக்கு விலக்கு இல்லை. அவன் கொடுத்ததும் அதே கல்லில்தான் நிறுக்கப்பட்டது.

சரி, அக்காவுக்கு வருவோம்.

கல்வெட்டில் அவருடைய முழு விலாசம் இப்படி வருகிறது: உடையார் ஸ்ரீராஜராஜ தேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். தம்பி, கணவர், அப்பா, மூவரையும் சொல்லிவிட்டுத்தான் தன் பெயர். பராந்தகன் என்பது சுந்தரசோழனின் இன்னொரு பெயர், ஆக பராந்தகன் குந்தவை என்பது நாம் இன்றைக்கும் அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொள்கிற அதே வழக்கம்தான். நாவலும் சினிமாவும் நமக்குக் காட்டிய குந்தவை அரசியல் சூழ்ச்சிகளை எல்லாம் அவிழ்க்கிற இளவரசி. கல்லில் இருக்கிற குந்தவைக்கு வயது ஏறியிருக்கிறது. அப்பா அம்மா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தம்பி பெரிய சக்கரவர்த்தி ஆகிவிட்டான். அந்த வயதில் தம்பி கட்டிய கோயிலுக்கு அவர் என்ன கொடுத்தார் என்று பார்த்தால், தங்கமும் நகையும் ஏராளமாக இருக்கின்றன, தம்பி எழுந்தருளுவித்த விடங்கர் என்ற சிவன் திருமேனிகளுக்குத் துணையாக உமாபரமேஸ்வரித் திருமேனிகள் இருக்கின்றன, அவற்றோடு அப்பாவுக்கு ஒரு திருமேனி, அம்மாவுக்கு ஒரு திருமேனி.

அப்பாவை அந்தக் கல்வெட்டு பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்கிறது. சுந்தரசோழன் காஞ்சிபுரத்தில் பொன்மாளிகையில் இறந்துபோனவன். செத்தான் என்று சொல்ல வாய் வராமல் துஞ்சினான், தூங்கினான் என்று சொல்லும் இந்த வழக்கம் இந்தப் பிற்காலச் சோழர்களுக்கும் முந்தியது. சங்கப் பாடல்களிலேயே குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று மன்னர்களை இறந்த இடத்தை வைத்துப் பிரித்துக் காட்டுவார்கள். தக்கோலத்தில் 949-இல் யானை மேலேயே கொல்லப்பட்ட ராஜாதித்தன் ஆனைமேல் துஞ்சின தேவர். ராஜராஜனின் பாட்டனார் அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சின தேவர், அவருக்குப் பள்ளிப்படையாக, அதாவது நினைவுக் கோயிலாக, மேல்பாடியில் கோயில் எடுத்தவன் ராஜராஜன். ஒரே பெயர் தாத்தாவுக்கும் பேரனுக்கும் மாறி மாறி வருகிற வம்சத்தில் யார் எவர் என்று பிரித்துச் சொல்ல, ஒருவன் கண்ணை மூடிய இடம் அவனுக்கு அடையாளமாகிவிட்டது. எனக்கு இது ரொம்ப நெருக்கமாகப் படுகிறது. எங்கள் வீட்டிலும் "மெட்ராஸ்ல போன தாத்தா" என்று ஒருவர் உண்டு.

அம்மா வானவன்மாதேவி, திருக்கோவலூர் மலையமான் குலத்துப் பெண். கணவன் இறந்தபோது அவளும் கூடவே தீயில் இறங்கினாள். இதைச் சொல்லும் கல்வெட்டு அவள் பிறந்த ஊரான திருக்கோவலூரின் வீரட்டானர் கோயிலிலேயே இருக்கிறது, அதுவும் செய்யுளாக. ராஜராஜனைப் பெற்றவள் என்பதைப் "புலியைப் பயந்த பொன்மான்" என்று சொல்லிவிட்டு, "சுரந்த முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகன் பிரியாத் தையல்" என்று போகிறது. பால் சுரந்துகொண்டிருந்த நிலையில், முலைப்பால் குடிக்கும் குழந்தையைப் பிரிந்து, முழங்குகிற தீ நடுவிலும் கணவனைப் பிரியாதவள். எழுதியவர் அவளைப் புகழத்தான் எழுதினார். ஆனால் அந்த முதல் இரண்டு சொற்களை அவர் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், விடவில்லை. எத்தனை முறை படித்தாலும் என்னால் அந்த இடத்தைத் தாண்டிச் சாதாரணமாகப் போக முடிந்ததில்லை. அதே கல்வெட்டில் பாரியின் மகளை மலையர் குலத்தில் சேர்த்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கதையும் வருகிறது. தீயை மையமாக வைத்துத் தங்கள் ஊரின் பெருமையைச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மூத்தவன் ஆதித்த கரிகாலன் கொலையாகிறான். அப்பா போகிறார், அவரோடு அம்மாவும். மிஞ்சியவர்கள் குந்தவையும், பிற்பாடு ராஜராஜனாகப் போகிற அந்தத் தம்பியும். நம் அக்கன் என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. தஞ்சாவூரில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலை என்று ஒரு மருத்துவமனை இருந்தது, ஆதுலர் என்றால் நோயாளிகள். அதன் வைத்தியருக்கு நிலம் கொடுத்தவர்களில் குந்தவை ஒருவர். அப்பா பெயரில் இயங்கிய ஆஸ்பத்திரி அது. திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில், அப்போது அதற்கு ராஜராஜபுரம் என்று தம்பி பெயர், சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என மூன்று கோயில்கள் எடுத்தார். தம்பியும் சளைத்தவன் இல்லை, தன் மகளுக்குக் குந்தவை என்று அக்கா பெயரை வைத்தான். அந்தச் சின்னக் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவளுக்குப் பிறந்தவனுக்கு ராஜராஜன் என்று பெயர், அம்மாவின் அப்பா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. அவன் தன் தாய்மாமன், சோழ ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையைக் கட்டிக்கொண்டான், முறைப்பெண். அந்த வீட்டுப் பிள்ளைதான் 1070-இல் முதலாம் குலோத்துங்கனாகச் சோழ அரியணையில் உட்கார்ந்தவன். தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் சோழப் பெண்களின் ரத்தம் இல்லாவிட்டால் அந்த அரியணை அவனுக்கு வாய்த்திருக்காது.

ராஜராஜனுக்கு இன்னொரு மகளும் இருந்தாள். திருவலஞ்சுழிக் கல்வெட்டில் மாதேவடிகள் என்று பெயர் சொல்லி, நடுவில் பெண் என்று குறிக்கிறார்கள். மூத்தவள், நடுவுள்ளவள், இளையவள். அரண்மனை என்றாலும் பெண் பிள்ளைகளைக் கூப்பிடுகிற முறை நம் வீடுகளில் இருப்பதுதான்.

கரிகாலன் கொலையைச் சொன்னேன், அதைப் பற்றிய கல்வெட்டையும் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அதிலும் குடும்பம்தான் இருக்கிறது, வேறு விதமாக. காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய சொத்துகளைப் பறிக்க உத்தரவு. அவர்களோடு நிற்கவில்லை. அவர்கள் மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு உடன்பிறந்த மாமன்மார், அவர்களுடைய உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று உறவுமுறை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிச் சொத்து போகிறது. கொலை யார் தூண்டி நடந்தது என்று பல வருஷமாக வாதம் நடக்கிறது, சுந்தரசோழனுக்குப் பின் ஆண்ட உத்தமசோழன் பேரிலும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. என்னை உலுக்குவது அந்தப் பட்டியல்தான். தாய்மாமன் என்ற உறவுக்குக் கோயில் கல்லில் இடம் உண்டு, கொடுக்கும்போதும் சரி, பிடுங்கும்போதும் சரி.

உத்தமசோழன் பெயர் வந்ததால் அவனுடைய அம்மாவுக்குப் போகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

செம்பியன் மாதேவி. மழவரையர் குடும்பத்துப் பெண், கண்டராதித்த சோழனின் மனைவி. கண்டராதித்தன் தில்லை மேல் திருவிசைப்பா பாடியவன், ஒன்பதாம் திருமுறையில் அந்தப் பாட்டு இருக்கிறது. 957 வாக்கில் அவன் போய்விட்டான். மேற்கெழுந்தருளின தேவர் என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு. பிள்ளை மிகச் சிறியவன், ஆகவே பட்டம் கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயன் பக்கம் போனது, அவன் மகன் சுந்தரசோழன் ஆண்டான், அதற்குப் பிறகே 970-ஐ ஒட்டி உத்தமசோழன் அரியணை ஏறினான், அவனுக்குப் பிறகு 985-இல் ராஜராஜன். இத்தனை பேருடைய ஆட்சியையும் அந்த அம்மா கண்ணால் பார்த்தார். 1001 வரைக்கும் அவருடைய கல்வெட்டுகள் கிடைக்கின்றன. நாற்பது வருஷத்துக்கு மேல் விதவை. வானவன்மாதேவி தீயில் இறங்கிய அதே குடும்பத்தில், அவருக்கு ஒரு தலைமுறை முன்னால், இவர் உயிரோடு இருந்து செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, கல் கோயில்களாக மாற்றிக்கொண்டிருந்தார். விருத்தாசலம், திருக்கோடிக்காவல், ஆடுதுறை, குத்தாலம், திருவாரூர் அறநெறி, திருவக்கரை என்று காவிரிக்கரையிலும் அதற்கு வடக்கேயும் அவர் எடுத்த கற்றளிகளை ஒரு பயணத்தில் பார்த்து முடிக்க முடியாது.

எல்லாவற்றிலும் நான் திரும்பத் திரும்பப் போவது கோனேரிராஜபுரத்துக்கு. பழைய பெயர் திருநல்லம். அங்கே போகிறவர்கள் பெரிய நடராஜரைப் பார்க்கத்தான் போவார்கள், பார்க்க வேண்டியதும்தான், ஆளுயரத்தைத் தாண்டிய அந்தத் திருமேனிக்கு முன்னால் பேச்சு வராது. ஆனால் அவரைப் பார்த்துவிட்டுக் கருவறையின் தெற்குச் சுவருக்கு வாருங்கள். கையளவுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. சிவலிங்கத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து கும்பிடுகிறார். அதன் கீழே எழுதியிருப்பது முழுவதையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கினால் பாவம்:

"ஸ்ரீ கண்டராதித்த தேவர் தேவியார் மாதேவடிகளாரான ஸ்ரீ செம்பியன் மாதேவியார் தம்முடைய திருமகனார் ஸ்ரீ மதுராந்தக தேவரான ஸ்ரீ உத்தம சோழர் திருராஜ்யம் செய்தருளாநிற்க, தம்முடையார் ஸ்ரீ கண்டராதித்த தேவர் திருநாமத்தால் திருநல்லமுடையார்க்குத் திருக்கற்றளி எழுந்தருளுவித்து, இத்திருக்கற்றளியிலேய் திருநல்லமுடையாரைத் திருவடித் தொழுகின்றாராக எழுந்தருளுவித்த ஸ்ரீ கண்டராதித்த தேவர் இவர்."

தம்முடையார். தன்னுடையவர். கணவன் என்பதற்கு எத்தனையோ சொல் இருக்கிறது தமிழில், ராஜவம்சத்துக்குப் பொருத்தமான பெரிய சொற்களும் இருக்கின்றன, அங்கே வெட்டியிருப்பது இந்தச் சொல். எங்கள் பக்கத்துக் கிழவிகள் புருஷன் பெயரைச் சொல்லாமல் "எங்க வீட்டுக்காரர்", "நம்மவர்" என்று சொல்லும்போது வருகிற குரல் எனக்கு அதில் கேட்கிறது. அப்புறம் கடைசிச் சொல். இவர். ஒரு பாட்டி பழைய போட்டோவில் விரலை வைத்துக் காட்டுகிற மாதிரி, இதோ, இவர்தான். அவன் போய்ப் பல வருஷம் கழித்து, பால் மணம் மாறாமல் விட்டுவிட்டுப் போன மகன் வளர்ந்து நாடாள்கிற காலத்தில், அந்த மகன் ஆள்வதையும் அதே மூச்சில் சொல்லி, கணவன் நிரந்தரமாக உட்கார்ந்து கும்பிடுகிற மாதிரி ஓர் இடத்தைக் கல்லில் செய்து கொடுத்துவிட்டார். கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தன் என்ற ஹரசரணசேகரனின் பெயரும் அந்தக் கோயிலிலேயே இருக்கிறது, கட்டினவனை மறக்காத அம்மா.

மகனைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு இன்னொரு அடைமொழி வரும், உத்தமசோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார். வயிறு வாய்த்தவள். ஆட்சிக்கு வாரிசைக் கொடுத்தவள் என்று நீட்டிச் சொல்ல வேண்டியதை வயிறு என்ற ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்கள்.

திருக்கோடிக்காவலில் அவர் செய்ததை இன்றைக்குத் திருப்பணி செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கற்றளி எடுக்கும்போது, பழைய கற்களில் யார் யாரோ எப்போதோ கொடுத்த தானங்கள் எழுதியிருந்தன. அவற்றைப் புதிய சுவரில் மறுபடியும் பிரதி எடுத்து வெட்டச் செய்து, "இதுவும் ஒரு பழங்கற்படி" என்று குறித்து வைத்தார். படி என்றால் பிரதி. யாரோ ஒரு விளக்குக்கு எப்போதோ பொன் கொடுத்தான், அவன் பெயர் என் காலத்தில் அழிந்துவிடக் கூடாது என்று ஓர் அரசி நினைத்திருக்கிறார். மணல் வீச்சு அடித்தும் சுண்ணாம்பு பூசியும் எழுத்தை இழந்து நிற்கும் சுவர்களை எத்தனையோ கோயிலில் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அந்தப் பழங்கற்படி என்ற சொல்லைக் கண்டபோது கண் கலங்கியது.

மருமகள்கள் அவரை எப்படி நினைத்தார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்தில் அவர் பெயரிலேயே செம்பியன்மாதேவி என்று ஓர் ஊர், அங்கே கைலாசநாதர் கோயில். உத்தமசோழனுக்கு மனைவிகள் பலர், அவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கோயிலுக்குத் தானம் கொடுத்திருக்கிறார்கள், மாமியாரின் பிறந்த நாளான சித்திரைக் கேட்டையில் விசேஷம் நடக்க ஏற்பாடு இருந்தது. ராஜேந்திரன் காலத்தில் அவருக்கே திருமேனி எழுந்தருளுவித்தார்கள். ராஜேந்திரனுக்கு அவர் கொள்ளுப்பாட்டி முறை, தன் தந்தைக்கு முன்னால் ஆண்டவனின் தாய். இரண்டு கிளைகளுக்கும் இடையே தீராப்பகை இருந்தது என்று கதை எழுதுகிறவர்கள் இந்தத் திருமேனியை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் அவருக்குப் பிள்ளைகள்தான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ராஜேந்திரனிடமும் இந்தக் குணம் இருந்தது. பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில், பழையாறையில், ராமநாதன் கோயில் என்று இப்போது சொல்கிற இடம் பஞ்சவன்மாதேவீஸ்வரம், ராஜராஜனின் மனைவியரில் ஒருத்தியான பஞ்சவன்மாதேவியின் பள்ளிப்படை. எடுத்தவன் ராஜேந்திரன். அவனைப் பெற்றவள் இவள் இல்லை, அவனுடைய தாய் வானவன்மாதேவி என்ற திரிபுவனமாதேவி, பாட்டியின் பெயரே இவளுக்கும். சிற்றன்னைக்கு எதற்குப் பள்ளிப்படை என்ற கேள்விக்கு விடையாக, அவள் தனக்குக் குழந்தை பிறக்காமலிருக்க மருந்து சாப்பிட்டாள் என்று ஒரு கதையை வாட்ஸ்அப்பில் எனக்குக் குறைந்தது பத்துப் பேராவது அனுப்பியிருக்கிறார்கள். நான் படித்த கல்வெட்டு வரிகள் எதிலும் அந்த மருந்து இல்லை. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வயிற்றில் பெறாத ஒருத்திக்கு மகன் கோயில் எடுத்தான் என்பதே போதாதா, அந்தப் பெண் மேல் ஒரு தியாகக் கதையையும் ஏற்றித்தான் ஆக வேண்டுமா?

திருவாரூரில் இருப்பது முற்றிலும் வேறு ஒரு வாசனை. பரவை நங்கை என்று ஒருத்தி. ராஜேந்திரனின் மனைவி என்று கல்வெட்டு சொல்லாது, அணுக்கியார் என்று சொல்லும். அணுக்கமானவள், பக்கத்தில் இருப்பவள். தியாகேசர் கோயிலின் வீதிவிடங்கருக்குப் பொன் வேயவும் செப்பு வேயவும் அவள் கொடுத்தவை பெரிய அளவு. ராஜேந்திரனும் அவளும் ஒரே தேரில் ஏறி வந்து இறங்கிச் சாமி கும்பிட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கும்பிட்டபோது இருவரும் நின்ற இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு. கங்கை வரைக்கும் படை அனுப்பிய, கடாரத்துக்குக் கப்பல் விட்ட ராஜேந்திரன், தானும் தனக்குப் பிரியமானவளும் சேர்ந்து நின்ற ஓர் அடி நிலத்தை விளக்கேற்றி அடையாளம் வைத்தது எனக்கு அவன் மெய்க்கீர்த்தி மொத்தத்தையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. விழுப்புரம் பக்கத்துப் பனையவரத்தில் பரவை ஈச்சரம் என்று அவள் பெயரில் கோயிலே இருக்கிறது. அவனுக்குப் பின் வந்த மகன்களும் அதைக் கைவிடவில்லை. அந்தப்புரம் என்றாலே பொறாமையும் விஷமும்தான் என்று நம் தொலைக்காட்சித் தொடர்கள் பழக்கி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு பதில்.

கடைசியாக ஓர் ஊர், அதிகம் பேர் போகாத ஊர். செய்யாற்றுப் பக்கம் பிரம்மதேசம், சந்திரமௌலீஸ்வரர் கோயில். நான் போன அன்று மத்தியானம், சித்திரை வெயில், கோயில் சுற்றில் யாருமே இல்லை, பாறை மாதிரிச் சூடேறிய தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாமல் சுவர் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு நகர்ந்தேன். ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டு, 1044. ராஜேந்திரன் இறந்துவிட்டான். அவனுடைய தேவியரில் வீரமாதேவி உடன் தீப்புகுந்தாள். இதைச் சொல்லும் கல்வெட்டை வெட்டுவித்தது அரசன் இல்லை, அவளுடைய உடன்பிறந்தவன், மதுராந்தகன் பரகேசரி வேளான், சேனாபதி. ராஜராஜனின் அம்மா வானவன்மாதேவிக்குக் கிடைத்த மாதிரி புலி, பொன்மான் என்று செய்யுள் எதுவும் அவன் எழுதச் சொல்லவில்லை. போரில் எத்தனையோ தீயைப் பார்த்த ஒரு படைத்தலைவன், தீயில் போன தன் கூடப்பிறந்தவளின் நினைவாக அந்த ஊரில் வைத்தது ஒரு தண்ணீர்ப் பந்தல்.